பதினோரு ஏக்கரின் கர்ணம்

பிதாகரஸ் மேல் எனக்கு இன்றும் ஒரு வருத்தம் உண்டு. வருத்தம் என்று இப்போது நாகரிகமாகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் அது கோபமாகத்தான் இருந்தது.

தேற்றத்தை நடத்தி முடித்துவிட்டு, மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்ததால் கணக்கு டீச்சர் ஒரு கதை சொன்னார். பிதாகரஸும் அவருடைய சீடர்களும் அவரைக்காய் இனத்தைச் சேர்ந்த பயறு எதையும் சாப்பிட மாட்டார்களாம், தொடவும் மாட்டார்களாம். ஒரு நாள் எதிரிகள் அவரைத் துரத்திக்கொண்டு வந்தார்கள். எதிரே ஒரு பயற்றங்காடு. அதற்குள் இறங்கிக் குறுக்கே ஓடியிருந்தால் தப்பித்திருக்கலாம். கால் வைக்க மனமில்லாமல் ஓரத்திலேயே நின்றார், கொன்றுவிட்டார்கள். இது உண்மையா என்று யாருக்கும் நிச்சயமில்லை, கதைதான் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆறவில்லை. ஒன்று, போனது உயிர். இரண்டு, பயறு மிதிபட்டால் மறுபடி முளைக்கும். மூன்று, குறுக்கே போவது எவ்வளவு மிச்சம் என்று உலகத்துக்கே கணக்குச் சொன்ன மனிதர் அவர். அவரே குறுக்கே போகாவிட்டால் வேறு யார் போவது?

நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. எங்கள் வீடுகளுக்கும் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் தோட்டத்துக்காரரின் பதினோரு ஏக்கர் காடு கிடந்தது. காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். அதன் ஒரு மூலையில் காலனி, நேர் எதிர் மூலையில் பஸ் ஸ்டாப். மூலைக்கு மூலை ஒரு ஒற்றையடிப் பாதை. என் தாத்தா காலத்து ஆட்கள் அந்தக் காட்டில்தான் பண்ணையம் செய்தார்கள். களையெடுக்கவும் கதிரறுக்கவும் போய்வந்த கால்கள் போட்ட பாதை அது. அப்பா தலைமுறையில் யாரும் காட்டு வேலைக்குப் போகவில்லை. அப்பா ஃபவுண்டரியில் மோல்டர். சித்தப்பாவுக்கு ஆட்டோ. அம்மா மோட்டார் கம்பெனியில் வைண்டிங் செய்தாள். இருந்தாலும் பஸ்ஸுக்குப் போக அதே பாதைதான். இரண்டு பக்கமும் சோளம் நிற்கும், நடுவில் நாங்கள் போவோம். சோளத்துக்கு ஒன்றும் ஆனதில்லை.

நான் எட்டாவது போன வருஷம் அந்தக் காடு சைட்டாகிவிட்டது. ரோட்டுப் பக்கம் பெரிய வளைவு வைத்து, ஏதோ நகர் என்று பெயர் எழுதினார்கள். உள்ளே தார் ரோடுகள், தெருவிளக்குகள். எங்கள் பக்கத்துக்கு ஹாலோ பிளாக் சுவர். உள்ளேயிருந்து ஒரு ரோடு நேராக வந்து அந்தச் சுவரில் முட்டி நின்றது. சாயங்காலம் ஆனால் சுவருக்கு மேலே விளக்கின் தலை மட்டும் எங்களுக்குத் தெரியும். வெளிச்சம் அந்தப் பக்கம் விழும்.

நாங்கள் சுற்றிப் போக வேண்டும் என்று ஆயிற்று. சைட்டின் ஒரு பக்கம் ஓடைப் பள்ளத்து ஓரமாக, மறு பக்கம் மூடிக்கிடந்த மில்லின் பின்பக்கமாக. மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் வந்து ஓரம் வழுக்கும். விளக்கும் கிடையாது. இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம். எனக்கு முக்கியமாக இருந்தது அம்மாவின் முட்டி. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றி, அதன் பிறகு அவ்வளவு தூரம் நடந்து வந்தால், வலது முட்டி வீங்கிப்போயிருக்கும். வெந்நீர்த் துணியை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். எதுவும் சொல்ல மாட்டாள். அவள் சொல்லாததால் நான் எரிச்சலானேன்.

அந்தச் சமயத்தில்தான் பிதாகரஸ் வந்தார். பாடத்தில் ஒரு கணக்கு: ஒருவர் கிழக்கே எட்டு கிலோமீட்டர் நடந்து, பிறகு வடக்கே ஆறு கிலோமீட்டர் நடக்கிறார், நேராகப் போயிருந்தால் எவ்வளவு மிச்சமாகும்? கர்ணம் பத்து, மிச்சம் நான்கு. எல்லோரும் போட்டோம். மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த நகரின் வளைவுக்குப் பக்கத்தில் இருந்த விளம்பரப் பலகையைப் பார்த்தேன். மனைப்பிரிவின் படமும் அளவும் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் எண்ணூறு அடி, இன்னொரு பக்கம் அறுநூறு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாடப்புத்தகக் கணக்கு எங்கள் வீட்டு வாசலில் கிடந்திருக்கிறது. சுற்றினால் ஆயிரத்து நானூறு அடி. குறுக்கே போனால் ஆயிரம். அம்மாவின் முட்டிக்குப் போகும்போது நானூறு, வரும்போது நானூறு அடி மிச்சம்.

அந்தக் கணக்கில் நடுவில் கிடக்கும் நிலம் யாருடையது என்று கேள்வி இல்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆகவே எனக்கும் அது தோன்றவில்லை.

வீட்டில் சொன்னேன். சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது யாரு கண்ணு அந்தாளு?"

"கிரேக்கர் சித்தப்பா. ரெண்டாயிரத்து ஐநூறு வருஷம் முன்னாடி."

"அவனே நேர்ல வந்து கேட்டாக்கூட, எந்தத் தெருவுல இருந்து வாரீங்கன்னுதான் கேப்பாங்க. காலனின்னு சொன்னா அவனும் பள்ளத்து வழியாத்தான் சுத்திப் போகோணும்."

அப்பா சிரிக்கவில்லை. "இதை ஒரு சார்ட்டுல போட்டுத் தருவியா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்காரரைப் பார்க்கப் போவதாகவும் என்னையும் கூட்டிப்போவதாகவும் சொன்னார். சித்தப்பா தான் வரவில்லை என்றார். "நா வந்தா வாய் சும்மா இருக்காது. காரியம் கெட்டுப்போயிரும்."

வெள்ளைச் சார்ட்டில் பச்சைக் கலரில் நிலம், சிவப்பில் கர்ணம். ஓரத்தில் தேற்றம், அதன் கீழ் கணக்கு, அதன் கீழ் முடிவு. முடிவுக்குக் கீழே இரண்டு கோடு. அதைப் பார்த்தவுடன் சுவர் இடிக்கப்படும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தோட்டத்துக்காரர் வீட்டுப் போர்டிகோவில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. அவர் ஒன்றில், அவருடைய மகன் ஒன்றில். மகன் ஏதோ இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுப்பவர். "வா கண்ணு, உக்காரு உக்காரு," என்று தோட்டத்துக்காரர் எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அப்பா படிக்குக் கீழே நின்றார். மீதி நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. அப்பாவுக்கு ஃபவுண்டரியில் நின்று நின்றே பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, என்ன படிக்குது?"

"எட்டாவதுங்க."

"படிக்க வைய்யி. நல்லா வரும். சொல்லு கண்ணு, என்ன கொண்டாந்திருக்கறே?"

சார்ட்டை விரித்துச் சொன்னேன். மகன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "அப்பா, இங்க பாருங்க, நம்ம சைட்டையே முக்கோணமாக்கிப்போட்டா!" என்றார். உண்மையாகவே அவருக்குச் சந்தோஷம். தோட்டத்துக்காரரும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மூளை மூளைதான்," என்றார். "ஆனா கண்ணு, இந்தச் செவப்புக் கோடு ஏழெட்டு சைட்டு மேல போகுதே. எல்லாம் வித்துப்போட்டமல்லோ. நாளைக்கு ஊடு கட்டுவாங்க. அவிய சமையல்கட்டு வழியா அடுப்பத் தாண்டிட்டு பஸ்ஸுக்குப் போவீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.

அப்பா மட்டும் தொண்டையைச் செருமினார். "குறுக்குப் பாதை வேண்டாங்க. உள்ள ரோடு இருக்குதுங்களே. எங்க பக்கத்துச் சுவத்துல வந்து முட்டிட்டு நிக்குதுங்க. அந்த எடத்துல தொறந்துவுட்டாப் போதுங்க. ரோட்டு மேலயே போயிக்கிறமுங்க."

தோட்டத்துக்காரர் மகனைப் பார்த்தார். மகன் என் கையிலிருந்த பென்சிலை வாங்கினார்.

"இங்க பாரு பாப்பா. உள்ள இருக்கற ரோடெல்லாம் இப்பிடிக் குறுக்கும் நெடுக்குமாத்தான் போகுது." என் பச்சை நிலத்தின் மேல் கட்டம் கட்டமாக வரைந்தார். "இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு நீ எப்பிடி வேணா போ. எத்தனை அடி வருதுன்னு கூட்டு."

நான் ஒரு வழியில் போய்க் கூட்டினேன். ஆயிரத்து நானூறு. படிக்கட்டு மாதிரி இறங்கி இறங்கிப் போனேன். ஆயிரத்து நானூறு. ரோடுகளை இன்னும் நெருக்கமாகப் போட்டு, படிகளைச் சின்னச் சின்னதாக ஆக்கினார். பார்க்கப்போனால் கிட்டத்தட்ட என் சிவப்புக் கோடு மாதிரியே இருந்தது. கூட்டினேன். அதே ஆயிரத்து நானூறு. படி எவ்வளவு சிறிதானாலும் ஓரடி குறையவில்லை. கண்ணுக்குக் கர்ணம் போலத் தெரிவது கர்ணம் இல்லை. அதுவரை நான் பார்த்த கணக்குகளிலேயே அழகான கணக்கு அதுதான். எங்கள் டீச்சர்கூடச் சொல்லித்தந்திருக்கவில்லை. நான் எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

"அப்ப என்ன ஆச்சு? வெளிய சுத்திப் போனாலும் அதே தூரம், உள்ள பூந்து போனாலும் அதே தூரம். அப்புறம் எதுக்குச் சுவத்தை இடிக்கோணும்? நீயே சொல்லு."

"ஆமாங்க சார். ஒரே தூரம்தான்," என்றேன்.

தோட்டத்துக்காரர் தொடையைத் தட்டினார். "பாத்தியாப்பா? உன்ற புள்ளையே சொல்லிப்போட்டா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சார்ட்டையும் பார்க்கவில்லை. "கணக்கு சரிதானுங்க," என்றார். "அப்பவும் அந்த ரோடு வேணுங்க."

"தூரமே மிச்சமில்லைங்கறப்ப ரோடு எதுக்கப்பா?"

"நடக்கறதுக்குங்க."

தோட்டத்துக்காரரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதன் வெளிச்சத்தை யாரோ அணைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்பா நிறுத்தவில்லை. "அப்ரூவல் வாங்கறப்ப ரோட்டையெல்லாம் பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்தாச்சுன்னு சொன்னாங்க. பஞ்சாயத்து ரோடுன்னா எல்லாருக்குந்தானுங்களே."

"யாரு சொன்னாங்க?"

அப்பா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

"வெயிலேறுது. புள்ளையக் கூட்டிட்டு நேரத்துல போய்ச் சேரு." பிறகு என் பக்கம் திரும்பி, அதே இனிய குரலில், "நல்லாப் படி கண்ணு," என்றார்.

மகன் என் சார்ட்டைச் சுருட்டித் தருவதற்கு முன் ஓரத்தில் 'வெரி குட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும் வழியில்தான் கோபம் வந்தது, அப்பாவின் மேல். இன்ஜினியரிங் காலேஜ் சார் நிரூபித்துக் காட்டிய பிறகும் ஒருவர் "அப்பவும் வேணுங்க" என்று சொல்லலாமா? கணக்கு சரி என்று ஒத்துக்கொண்ட வாயாலேயே வேண்டும் என்பதில் என்ன அர்த்தம்? என் மானம் போயிற்று என்று நினைத்தேன். பள்ளத்து ஓரத்தில் அப்பா முன்னே போக நான் பத்தடி பின்னால் வந்தேன், கோபம் தெரிய வேண்டும் என்பதற்காக.

"நீ சொன்னதுல தப்பில்ல கண்ணு," என்றார் அப்பா திரும்பாமலே.

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க? அம்மாவுக்கு ஒரு அடிகூட மிச்சமாகாது."

அவர் முன்னே போய்க்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முறையிட்டேன். அவள் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டுக் கணக்கை ஆரம்பத்திலிருந்து விளக்கினேன், அதற்கு அப்பா 'நடக்கறதுக்குங்க' என்றதையும் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"உங்கப்பா கேட்டாரா? அவரே வாயத் தொறந்தா?"

"ஆமா. ஆனா கணக்குப்படி…"

"அவியகிட்டயா? நேருக்கு நேரா?"

"ஆமாம்மா! நான் சொல்றதக் கேளு."

"நடக்கறதுக்குன்னா சொன்னாரு?" என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். துணியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு உள்ளே போனாள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு டீ வைத்துக் கொடுத்தாள். என் சார்ட்டை இருவரில் ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை.

இப்போது சரவணம்பட்டியில் ஒரு அலுவலகத்தில் மனைப்பிரிவு வரைபடங்கள்தான் போடுகிறேன். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிடும், அவற்றை யாரும் அடைக்க முடியாது என்பது இந்த வேலையில் சேருபவர்களுக்கு முதல் வாரமே தெரிந்துவிடும். அந்த மகனுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் பென்சிலை வாங்கினார். "இது உங்கள் ரோடா, இல்லையா?" என்பதே அங்கிருந்த கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டில் ஒரு பதில் போதும். அதற்குப் பதிலாக "எவ்வளவு தூரம்?" என்ற கேள்வியை வைத்து, அதற்கு மிகச் சரியான விடையையும் கொடுத்து, அந்த விடையை என் வாயால் சொல்ல வைத்தார். விடையில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் என்னைக் கொதிக்க வைப்பது அந்தப் பிழையின்மைதான். ஒரு குழந்தையின் ஆச்சரியத்தை எடுத்து அவளுடைய அப்பாவின் வாயை அடைக்கப் பார்த்த மனிதர், அதற்கு 'வெரி குட்' வேறு போட்டார்.

அதற்குப் பிறகு அப்பாவும் சித்தப்பாவும் காலனிக்காரர்களும் விடவில்லை. ஊராட்சி அலுவலகம் போனார்கள், திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வரிசையில் நின்றார்கள். சித்தப்பாவின் வாய்க்கும் வேலை வந்தது. கடைசியில் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, திறந்துவிடச் சொல்லிப் போனார்கள். திறந்தார்கள். எப்படி என்றால், முப்பதடி ரோட்டின் முனையில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு. அதற்கு முன்னாலும் தூண் மாதிரி ஒரு கல்லுக்காலை நட்டார்கள். மாடு உள்ளே வந்துவிடக் கூடாதாம். எங்கள் காலனியில் மாடு வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை.

"மாடு வராது, சைக்கிளும் வராது, பிரசவத்துக்கு ஆட்டோவும் வராது," என்றார் சித்தப்பா. "ஆனா ஆளு வரலாம். இன்னிக்கு அது போதும். மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், அம்மா என்னை வா என்றாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையை மாற்றாமல் அப்படியே கட்டியிருந்தாள். காலில் புதுச் செருப்பு. சின்னதாகக் குதிகால் வைத்தது. வீங்கிய முட்டியை வைத்துக்கொண்டு யாராவது குதிகால் செருப்பு வாங்குவார்களா என்று எனக்கு அப்போதே எரிச்சல். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "சும்மா," என்றாள்.

இடைவெளியில் முதலில் நான் நுழைந்தேன். அம்மா ஒருக்களித்து, கல்லுக்காலைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மெதுவாக எடுத்து வைத்தாள். உள்ளே வந்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"நேராப் போயி எடது பக்கம் திரும்பினா பஸ் ஸ்டாப்பு," என்றேன். எனக்குத்தான் அந்தப் படம் மனப்பாடம் ஆயிற்றே.

அம்மா வலது பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."

"இருக்கட்டும்."

அந்த ரோட்டின் கடைசிவரை போனாள். அங்கே ஒன்றுமில்லைதான். திரும்பி வந்து அடுத்த ரோட்டில் நுழைந்தாள். தார் ரோட்டில் செருப்பு டக் டக்கென்று கேட்டது. ரோட்டின் ஓரமாகக்கூட அவள் நடக்கவில்லை, நடுவில் நடந்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் வந்திருந்தன. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி வாளியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, வழி தவறி வந்துட்டீங்களா?"

"இல்லீங்க," என்றாள் அம்மா. "வழி தெரிஞ்சுதானுங்க வந்தோம்."

அந்தப் பெண்மணி அம்மாவின் செருப்பைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பஸ் ஸ்டாப்புக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது, ஏன் இப்படி விறைப்பாகப் பேச வேண்டும்?

மூன்றாவது ரோட்டில் அம்மா நொண்ட ஆரம்பித்தாள். "முட்டி வலிக்குதல்லோ, போதும் வா," என்றேன். "வலிக்கட்டும்," என்றாள். கடைசியில் முன்பக்க வளைவுக்கே வந்துவிட்டோம். எதிரே பஸ் ஸ்டாப். அம்மா வளைவுக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்று ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்தாள். பிறகு வெளியே காலெடுத்து வைக்காமல் உள்பக்கமாகவே திரும்பினாள். வரும்போது விட்டுப்போன ரோடுகள் இன்னும் இரண்டு இருந்தன.

அவற்றிலும் நடந்தாள். நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். எண்ணூறு, அறுநூறு, மறுபடி எண்ணூறு. எந்த மூலைக்கும் போகாமல், எந்த வேலையும் இல்லாமல், வலிக்கிற காலோடு ஒருத்தி இத்தனை அடி நடப்பதை எந்தத் தேற்றத்தாலும் நியாயப்படுத்த முடியாது. வீட்டுக்குப் போனதும் இதை அம்மாவுக்குப் படம் போட்டு விளக்கிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, கோபத்தோடு அவளுக்குப் பின்னால் நடந்தேன்.